கார்த்திகையில் அழைப்போம்

உலகத்தின் சீதோஷ்ண நிலை மாறி வருவதைப் பற்றி ஆலோசிக்க ஆண்டுதோறும் கூடும் சர்வதேச மகாநாட்டை நமது தேசத்தில் நடத்தவேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம், நம்மவர் அதைப் பெருமைக்குரிய விஷயமாகவே கொள்ளுகிறார்கள். பெருமை உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டில் விருந்து நடக்கிறதென்றால் பந்தலும் தோரணமும் மேளமும் இருந்துவிட்டால் போதுமா? விருந்தினர் எதன் பொருட்டு வருகிறார்கள், வீட்டில் எதைக் காணப் போகிறார்கள், புறப்படும்போது எதற்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பவையெல்லாம் வீட்டுக்காரர் யோசிக்கவேண்டியவை அல்லவா? அவற்றை யோசியாமல் நடத்தும் விருந்து கடனில்தான் முடியும் என்பதை நமது கிருகஸ்தர் ஒவ்வொருவரும் அறிவர்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி, துபாயில் நடந்த 28-வது மகாநாட்டில், பாரதப் பிரதம மந்திரி ஸ்ரீ நரேந்திர மோடி, 2028-ல் கூடவேண்டிய 33-வது மகாநாட்டை இந்தியாவில் நடத்த முன்வருவதாக அறிவித்தார். மூன்று தினங்களுக்குப் பின், டிசம்பர் 4-ந் தேதி, மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் சென்னை நகரம் மூழ்கிக் கிடந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் ஜனங்கள் மாடிகளில் ஒதுங்கிப் படகுகளுக்காகக் காத்திருந்தார்கள். அழைப்புச் செய்தியும் வெள்ளச் செய்தியும் ஒரே வாரத்துப் பத்திரிகைகளில் வெளிவந்தன. அந்த அழைப்பு எந்த ஆண்டில் எந்த ஊரில் கைகூடினாலும் சரி, கைகூடாமலே போனாலும் சரி, அழைக்கிற தேசம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் மாறப்போவதில்லை. அவற்றை நேயர்கள் முன் வைப்பதே இங்கு நமது நோக்கம்.

மகாநாடும் வெள்ளமும் ஒரே வாரத்தில் வந்தது அந்த ஒரு தடவை மட்டுமன்று. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பாரிஸ் நகரில் ராஜ்யத் தலைவர்கள் கூடினார்கள்; மறுநாள் சென்னையில் வானம் உடைந்தது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது, சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின்மேல் வெள்ளம் ஓடியது, விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ மகாநாடு நடந்துகொண்டிருக்கையில், 7-ந் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் நுங்கம்பாக்கத்தில் 21 சென்டிமீட்டர் பெய்தது. தியாகராய நகரின் தெருக்கள் குளங்களாயின. 2025-ல் பிரேஸில் தேசத்துப் பெலெம் நகரில் 30-வது மகாநாடு முடிந்து ஒரு வாரம் கழிவதற்குள், டித்வா புயல் நமது அண்டை நாடாகிய இலங்கையில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. சில ஆண்டுகள் நீங்கலாக, இம்மகாநாடு நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே கூடுகிறது. அவை நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழையின் உச்சக் காலம். ஆகவே மகாநாட்டுக்குச் செல்லும் நமது பிரதிநிதி விமானம் ஏறும்போது, அவரை அனுப்பிய ஊர் வாசற்படியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறது. அங்கே பேசப்படும் சொல்லுக்கும் இங்கே ஏறும் நீருக்கும் உள்ள சம்பந்தத்தை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுவார் யார்? இதுவரை எவரும் முறையாகச் சொன்னதில்லை என்பதே நமது குறை.

மகாநாட்டின் அமைப்பைச் சற்று விளக்குவோம். 1992-ல் ரியோ டி ஜனீரோவில் தேசங்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1994-ல் அது அமுலுக்கு வந்தது. 1995-ல் பெர்லினில் முதல் மகாநாடு கூடிற்று. ஐ.நா. சபையின் ஐந்து பிரதேசத் தொகுதிகளுக்கும் நடத்தும் முறை மாறி மாறி வருகிறது. வோட்டெடுப்பு விதியைப் பற்றி இன்றளவும் உடன்பாடு ஏற்படாமையால், எல்லாரும் ஒப்பினாலன்றி எதுவும் தீர்மானமாவதில்லை. அக்கிராசனர் நாற்காலியில் வழக்கமாக நடத்தும் தேசத்தின் மந்திரியே அமருகிறார். அமர்ந்தவர் தம் தேசத்தின் வழக்கை அங்கிருந்து வாதாட முடியாது. வாதியையும் பிரதிவாதியையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒருமனப்படுத்துவதே அவர் தொழில். இதை அறியாதவர்களே, மகாநாட்டை நம் ஊரில் நடத்திவிட்டால் நம் காரியம் ஜயமாகிவிடும் என்று எண்ணுவார்கள்.

இந்தப் பொறுப்பை நமது தேசம் ஒரு முறை வகித்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டு அக்டோபர் 23 முதல் நவம்பர் 1 வரை எட்டாவது மகாநாடு புதுடில்லியில் நடந்தது. அதற்கு அக்கிராசனம் வகித்தவர் அந்நாளில் மத்திய சுற்றுச்சூழல் மந்திரியாயிருந்த ஸ்ரீ டி. ஆர். பாலு. அவர் அப்பொழுது தென்சென்னைத் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினர். அடையாற்றுக்கரை ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவரே உலக தேசங்களின் சபையை நடத்தினார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

டில்லி மகாநாட்டின் பலனையும் நடுநிலையுடன் கூறவேண்டும். அமெரிக்கா கியோட்டோ ஒப்பந்தத்தை முந்திய ஆண்டிலேயே கைவிட்டிருந்தது. ஐரோப்பிய தேசங்களோ, ஏழை நாடுகளும் பிற்காலத்தில் புகையைக் குறைக்கும் கடமையை ஏற்பது பற்றிப் பேசத் தொடங்கவேண்டும் என்றன. இந்தியா அதற்கு இசையவில்லை. முடிவில் வெளியான டில்லிப் பிரகடனம், ஒப்பந்தத்தை ஏற்காத தேசங்கள் காலத்தே ஏற்கவேண்டும் என்று வற்புறுத்திற்று. மாறுகிற சீதோஷ்ணத்தின் தீமைகளைத் தாங்குவதற்கான ஏற்பாடுகள் எல்லா தேசங்களுக்கும் முக்கியமானவை என்றும் கூறிற்று. அதுவரை புகையைக் குறைப்பதைப் பற்றியே பெரும்பாலும் பேசிவந்த சபையில், தாங்குவதைப் பற்றிய பேச்சுக்கு டில்லியில் உரிய இடம் கிடைத்தது. மண்டபத்துக்கு வெளியே மீன் பிடிப்போரும், சிறு விவசாயிகளும், அணைகளால் நிலமிழக்க நேர்ந்தோரும் ஊர்வலம் சென்று தங்கள் பிரகடனத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். உள்ளே ஒரு பிரகடனம், வெளியே ஒரு பிரகடனம்! இரண்டையும் ஒரே மேடையில் படிக்கச் செய்திருந்தால் அதுவன்றோ சிறந்த உபசாரம்?

அடுத்த வாய்ப்பு சென்னைக்கே வந்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி, ஜி-20 தேசங்களின் சுற்றுச்சூழல், சீதோஷ்ண மந்திரிகள் நமது நகரில் கூடினார்கள். துபாய் மகாநாட்டின் அக்கிராசனராக நியமனம் பெற்றிருந்தவரும் வந்திருந்தார். பிரதம மந்திரி காட்சிக் கருவி மூலம் பேசுகையில், கடலையும் மேகத்தையும் பற்றிய திருக்குறள் ஒன்றை எடுத்துச் சொன்னார். தமிழர் செவிக்கு அது இனித்தது. ஆனால் மந்திரிகளிடையே, புகை வெளியீடு எந்த ஆண்டில் உச்சத்தைத் தாண்டித் தணியவேண்டும் என்பது போன்ற விஷயங்களில் உடன்பாடு ஏற்படவில்லை. கூட்டறிக்கை இல்லாமலே அவர்கள் கலைந்தார்கள்.

அது ஆடி மாதம். கூவமும் அடையாறும் சாதுவாகக் கிடக்கும் காலம். வந்தவர்கள் கண்டது, ஈரம் காய்ந்த சென்னை. அந்த மந்திரிகளே நான்கு மாதம் கழித்துக் கார்த்திகையில் வந்திருந்தால் என்ன கண்டிருப்பார்கள் என்பதை மிக்ஜாம் சொல்லிற்று.

பார்க்க வருகிறவர்களுக்கு மறைத்துக் காட்டும் வழக்கம் நல்லதன்று. அதே ஆண்டு செப்டம்பரில், ஜி-20 தலைவர்கள் டில்லிக்கு வந்தபோது ஏழைகளின் குடியிருப்புகள் பச்சைத் துணித் திரைகளால் மூடப்பட்டதைப் பத்திரிகைகள் படங்களுடன் வெளியிட்டன. கலியாண வீட்டில் ஒழுகுகிற அறையைத் தட்டி வைத்து மறைப்பது உண்டு. ஆனால் வந்திருப்பவர் கூரை வேய்கிறவராயிருந்தால், அந்த அறையைத்தானே முதலில் அவருக்குத் திறந்து காட்டவேண்டும்?

நமது வீட்டில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று, உலகம் நமக்குத் தரவேண்டிய பாக்கி. 2022-ஆம் ஆண்டில் ஓர் இந்தியருக்குச் சராசரியாக ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு. ஓர் அமெரிக்கருக்கோ ஏறக்குறைய 15 டன். பணக்கார தேசங்கள் 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-ல் கோபன்ஹேகனில் கூறின. 2022-ல்தான் அத்தொகை முதன்முறையாக எட்டப்பட்டது. 2024-ல் பாகூ மகாநாட்டில் ஏழை நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடி டாலர் கேட்க, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று தீர்மானமாயிற்று. தமது ஆட்சேபத்தைக் கேளாமலே அக்கிராசனர் சம்மட்டியைத் தட்டிவிட்டார் என்று இந்தியப் பிரதிநிதி அங்கேயே கண்டித்தார். அந்தக் கண்டனம் நியாயமானது. இந்தக் கணக்கில் நாம் கடன் கொடுத்தவர்கள், தலைநிமிர்ந்து கேட்கலாம்.

மற்றொரு கணக்கு, நமது அதிகாரிகளும் நகரத்தாரும் நமது ஜனங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. 2015-ல் சென்னை மூழ்கியிருந்த சமயம், அந்நாளைய சுற்றுச்சூழல் மந்திரி ஸ்ரீ பிரகாஷ் ஜாவடேகர், முன்னேறிய தேசங்கள் 150 ஆண்டுகளாகச் செய்ததன் விளைவு என்று சென்னையைச் சுட்டிப் பேசினார். 2016-ல் வெளியான சர்வதேச விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி ஒன்றோ, அந்த ஒரு நாள் மழையில் பூமி வெப்பமடைந்ததன் பங்கு புலப்படவில்லை என்று கூறிற்று. 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, செம்பரம்பாக்கம் ஏரி நீரை வெளியேற்றிய முறையைக் கடுமையாகக் கண்டித்தது. இதனால் உஷ்ணம் ஏறுவது பொய் என்று ஆகிவிடாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவிகிதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிக சாஸ்திரம். வருங்கால மழைகள் இன்னும் கனக்கும் என்று அஞ்சக் காரணம் உண்டு. ஆயினும், பெய்த மழைக்கெல்லாம் லண்டனையும் நியூயார்க்கையும் குறைகூறிவிட்டு நமது கால்வாய்களை மறந்துவிட முடியாது.

தியாகராய நகரைப் பாருங்கள். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து 1920-களில் எழுந்த நகர் அது. ஏரிக்கரையின் ஞாபகம் ஒரு தெருப் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைநீர் அங்கே தேங்கும்போது, அது தன் பழைய வீட்டுக்கே திரும்புகிறது. மயிலாப்பூரில் பக்கிங்காம் கால்வாயின் மார்பிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச மதிப்புப் பெற்றது. அதற்கு முன்பே அதன் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் இரையாகிவிட்டது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரையிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பல எங்கே கொண்டுபோய் விடப்பட்டன? பெரும்பாக்கத்தில், அந்தச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பூமியில்! வெள்ளத்துக்குப் பயந்து வெளியேற்றியவர்களை வெள்ளம் தேடிவரும் இடத்திலேயே குடியேற்றிய இந்த விவேகத்தை எந்தச் சர்வதேச சபையில் போய் விளக்குவது?

இரண்டு கணக்கும் ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டவை. உள்ளூர்க் கணக்கை மறைக்கிறவன் உலகக் கணக்கைக் கேட்கும்போது குரல் தழுதழுக்கும். உள்ளூர்க் கணக்கைத் திறந்து வைத்தவன் கேட்டால், எதிரிலிருப்பவனுக்குத் தட்டிக்கழிக்க வழியிராது.

சபை கூட்டும் கலை நமக்குப் புதிதன்று. 1884 டிசம்பரில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் மகாநாடு முடிந்தபின், மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாதராவின் இல்லத்தில் பதினேழு பேர் கூடித் தேசிய மகாசபையைப் பற்றி யோசித்ததாக அன்னி பெசண்ட் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். 1887-ல் காங்கிரஸ் சென்னையில், ஆயிரம் விளக்கை அடுத்த மக்கீஸ் தோட்டத்தில் கூடிற்று. பத்ருதீன் தயாப்ஜி அக்கிராசனம் வகித்தார். 607 பிரதிநிதிகள் வந்தார்கள். செலவுக்கு ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரை ஆயிரக்கணக்கான சாமானிய ஜனங்கள் கொடுத்தார்கள். காங்கிரஸ் இன்னது என்று வினா விடையாக விளக்கும் தமிழ்ச் சிறு புஸ்தகம் முன்னதாகவே ஊர் ஊராகப் பரவியிருந்தது. ஆங்கிலமே ஆண்ட அந்தச் சபையில் தஞ்சாவூர்த் தொழிலாளி ஒருவர் எழுந்து தமிழிலே பேசினார். நடத்தினவர்களுக்கு அதிகாரம் இல்லை, பொக்கிஷம் இல்லை. ஜனங்களைச் சபைக்குள் கொண்டுவரவேண்டும் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. இன்று அதிகாரமும் பொக்கிஷமும் நம்முடையவை. அந்த எண்ணம் எங்கே?

ஆகையால் நாம் சில காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, மகாநாட்டுக்குச் செல்வோர், அவர்கள் மத்திய சர்க்காரின் பிரதிநிதிகளாயினும் மாகாண சர்க்காரின் அதிகாரிகளாயினும், அங்கே எதைக் கேட்கப் போகிறார்கள் என்பதைப் புறப்படுமுன் தமிழில் வெளியிடவேண்டும். திரும்பிய ஒரு மாதத்துக்குள் எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று சட்டசபையிலும் மாநகராட்சியிலும் அறிக்கை வைக்கவேண்டும். திலகர் கட்டத்திலும் தக்கர் பாபா வித்தியாலயத்திலும் அவர்கள் பொதுக்கூட்டத்தில் நின்று கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். ஜனங்களின் பணத்தில் பிரயாணம் செய்தவர் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்லுவது அவமானமன்று.

இரண்டாவது, செல்வோரின் ஜாபிதா மாறவேண்டும். கடல் எத்தனை அடி உள்ளே வந்திருக்கிறது என்பதை ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவரைவிட நன்கு அறிந்தவர் யார்? பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளில் குழந்தைகளை வைத்துக்கொண்டு மழை இரவைக் கழித்த தாயைவிட உரிமையுடன் பேசத்தக்கவர் யார்? மொழிபெயர்ப்பாளரை உடன் அனுப்புங்கள். அவர்கள் தமிழிலேயே பேசட்டும். 1887-ல் முடிந்தது இன்று முடியாதா?

மூன்றாவது, விருந்தை நடத்தும் முறை. நமது தேசத்தில் இம்மகாநாடு எப்போது கூடினாலும், அதை முன்னிட்டு ஒரு குடிசையும் அகற்றப்படக்கூடாது. ஒரு திரையும் கட்டப்படக்கூடாது. செலவுக் கணக்கு பைசா பாக்கியின்றி வெளியிடப்படவேண்டும். வெளியே நிற்கும் ஜனங்களின் பிரகடனத்தைச் சபைக்குள் படிக்க ஒரு நாள் ஒதுக்கவேண்டும்.

பெர்லினில் நாலாயிரத்துக்கும் குறைவானவர்கள் கூடிய மகாநாடு துபாயில் எண்பதினாயிரத்தைத் தாண்டிவிட்டது. அத்தனை பேரைக் கார்த்திகை மழையில் சென்னை எப்படித் தாங்கும் என்று சிலர் கேட்பர். நியாயமான ஆட்சேபம்தான். நாம் முழு மகாநாட்டையும் சென்னைக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு மகாநாட்டுக்கும் முன்னோடியாக மந்திரிகளின் சிறு கூட்டம் ஒன்று நடப்பது வழக்கம். அது மகாநாட்டு ஊரிலேயே நடக்கவேண்டும் என்ற நியதி இல்லை. கிளாஸ்கோ மகாநாட்டுக்கு முன்கூட்டம் இத்தாலியில் மிலான் நகரில் நடந்தது. 2019-ல் சிலி தேசத்தில் கூடவேண்டிய மகாநாடே, அத்தேசத்தாரின் அக்கிராசனத்தில், ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில் நடந்தது. ஆகவே தேசம் அழைக்க முடிவு செய்யும் ஆண்டில், அந்த முன்கூட்டத்தையேனும் சென்னைக்குக் கொண்டுவரலாம். அழைப்பே கைகூடாவிட்டாலும், உலக மந்திரிகள் சிலரை மழைக்காலத்தில் இங்கே வரவழைக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

வருகிறவர்களை அடையாற்று முகத்துவாரத்துக்கு அழைத்துச் செல்வோம்; மாம்பலம் கால்வாய்க் கரையில் நடக்கவைப்போம்; பள்ளிக்கரணையில் மிஞ்சியிருக்கும் நாணற்காட்டையும் பக்கத்திலுள்ள குப்பைமேட்டையும் சேர்த்தே காட்டுவோம். அவர்கள் தரவேண்டியதை அவர்கள் முகத்துக்கு நேரே கேட்போம். நமது நகரத்தார் செய்யத் தவறியதையும் மறைக்காமல் சொல்வோம். 2023-ல் வெளியான சென்னைச் சீதோஷ்ணச் செயல் திட்டம், 2050-க்குள் இந்நகரின் கரிப்புகைக் கணக்கை நேர்செய்வதாகக் கூறுகிறது. அந்த வாக்கில் எவ்வளவு நிறைவேறியிருக்கிறது என்று விருந்தினர் கேட்டால் விடை சொல்லத் தயாராயிருப்போம்.

இவற்றைச் சர்க்கார் தானாகச் செய்யும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் உள்ள தேசபக்தர்கள் தத்தம் வட்டத்து மாநகராட்சி அங்கத்தினரிடமும், சட்டசபை அங்கத்தினரிடமும், பார்லிமெண்டு அங்கத்தினரிடமும் சென்று ஒரே கேள்வியைக் கேட்கவேண்டும்: சென்ற மகாநாட்டில் எங்கள் பொருட்டு என்ன பேசப்பட்டது, அடுத்த மழைக்கு முன் எங்கள் தெருவில் அதனால் என்ன ஆகும்? விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். நமது ஊர் ஒருவரை உலக சபையின் அக்கிராசனத்துக்கு அனுப்பிய ஊர். அதற்குக் கணக்குக் கேட்கவும் தெரியும், விருந்தினரை வரவேற்கவும் தெரியும். அடுத்த முறை அழைப்போலை எழுதும்போது, தேதியைக் கார்த்திகையில் குறிப்போம்.